பூசாரிப் பதவிக்கு ஒரு புகார்

கொரிய மலையோரத்துச் சோல்மே ஊரில், பொன் விலை விற்கிற பைன் காளான் முளைக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூடச் சாகக் கிடக்கும்போதுதான் சொல்வார்கள். அதுவும் மருமகள் அறையில் இல்லாத நேரம் பார்த்து. மற்ற விஷயங்களில் அவ்வூர்க்காரர்கள் திறந்த மனசுக்காரர்கள். யாருக்கு மூலம், யார் வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை, யார் மகன் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டான் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். காளான் என்று வந்துவிட்டால் மட்டும் ஊரே ஊமையாகிவிடும்.

ஓ பில்டோவுக்கு அவர் அப்பா சொல்லிவிட்டுப் போன இடம் கவட்டைப் பாறை. பாறையின் மேற்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிற மூன்று பைன் மரங்களுக்கு அடியில், சருகுக்குள்ளே, வருஷா வருஷம் காளான் தலைநீட்டும். கிழவர் கில்லாடி. செத்த பிறகும் காவல் இருக்க வேண்டும் என்று, அந்தப் பாறை கண்ணில் படுகிற ஒரு சரிவில்தான் தன்னைப் புதைக்கச் சொன்னார். ஊரார் அதை மலைமேல் அவருக்கு இருந்த பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடமிருந்து பில்டோவுக்கு வந்த இன்னொரு சொத்து இருமல். ஏற்றம் ஏறினால் போதும், தொண்டையைச் செருமி இரண்டு தரம் அடித்து இருமாமல் அவரால் நிற்க முடியாது.

காளான் காலம் ஊரின் இஷ்டத்துக்குத் தொடங்காது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு மலைச்சாமிக்குப் பன்றித் தலையும் அரிசிப் பலகாரமும் வைத்துப் பூசை போட்ட பிறகுதான் மலை திறக்கும். அதற்கு முன்னால் காட்டுக்குள் கால் வைத்தவருக்கு அந்த வருஷம் மலை கிடையாது. பூசை செய்யும் பூசாரி ஊர்க்காரர்களில் ஒருவர்தான், வருஷத்துக்கு ஒருவர். அவர் வாசலில் வைக்கோல் கயிறு கட்டி, செம்மண் கொட்டுவார்கள். ஏழு நாள் அவர் கறி மீன் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, சண்டை போடக் கூடாது, யாரைப் பற்றியும் பொல்லாத வார்த்தை பேசக் கூடாது. இத்தனை கஷ்டத்துக்கும் ஆள் போட்டி போட்டுக்கொண்டு வருவதற்குக் காரணம் ஒன்றுதான். திறப்பு நாள் விடியலில் பூசாரி தன்னந்தனியாக முதலில் ஏறுவார். மற்றவர்கள் பூசை மணி கேட்ட பிறகுதான் ஏற வேண்டும். அந்த இடைவெளியில் அவர் மலைச்சாமியை மட்டும்தான் பார்த்தாரா, வேறு எதையாவது பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வருஷம் தாங்களும் பூசாரியாகலாம் அல்லவா.

இந்த வருஷம் பூசாரி மா சில்போக். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாற்று ஆள் பில்டோ. ஆகவே மாற்று ஆளுக்கும் அதே ஏழு நாள் கட்டுப்பாடு.

சில்போக் பில்டோவின் வயதுக்காரர், ஒன்றாய்ப் படித்தவர், ஒன்றாய்ப் பெயிலானவர். பில்டோவின் அப்பாவைப் பாடையில் தூக்கியபோது முன்கொம்பைத் தாங்கியது அவர் தோள். பதிலுக்கு இத்தனை வருஷமாக பில்டோ வீட்டுச் சீமைப் பனிச்சம் பழத்தில் பாதியை வேலிக்கு வெளியே நின்றபடியே தின்று தீர்த்ததும் அவர்தான். ஊரில் இருவரையும் ஒரு ஆளாகத்தான் எண்ணுவார்கள். பிறகு ஏன் பில்டோவுக்கு அவர்மேலேயே புகார் சொல்லப் புத்தி போனது என்றால், சம்பந்தியால்.

பில்டோவின் மகள் மியொங்ஹாவுக்குப் பூசானில் வரன் பேசியிருந்தது. பையனின் அப்பா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். முதல் சந்திப்பில் அந்த மனுஷர் சாப்பாட்டு மேசையில் மீனைப் பற்றியே பேசினார். தன் கை பட்ட மீன் எந்தெந்தப் பெரிய மனிதர் வீட்டுக்குப் போயிற்று என்று ஒரு மீனை விடாமல் சொன்னார். பில்டோவால் பொறுக்க முடியவில்லை. எங்கள் மலையில் காளான் என் காலடிச் சத்தம் கேட்டுத்தான் முளைக்கும் என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டாரா? மலை திறந்த மறுநாள் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், குடை விரியாத முதல் தரக் காளான் ஒரு பெட்டி நிறைய என் கையால் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தார். மகள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். பில்டோ அதை உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. கோடை முடிந்தும் வெயில் போகவில்லை. மலைச் சருகு காலில் மிதிபட்டால் அப்பளமாய் நொறுங்கியது. இருக்கிற நாலு காளான் முதலில் ஏறுகிறவனுக்குத்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முதலில் ஏறப்போகிறவர் சில்போக். பில்டோ தினமும் அவர் வாசலில் போய் நின்று, வைக்கோல் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, சம்பந்தி வருகிறார், என்ன செய்வேன் என்று புலம்பிவிட்டு வருவார். உன் இடத்தில் எனக்குப் பங்கு கொடு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சோல்மே ஊரில் ஒருவன் மனைவியைக்கூடக் கடன் கேட்டுவிடலாம், காளான் இடத்தைக் கேட்க முடியாது.

திறப்புக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கும். பில்டோ அப்பாவின் கல்லறை மேட்டில் புல் வெட்டப் போனார். கல்லறைச் சரிவுவரை யாரும் போகலாம், அது காட்டில் சேராது. இருமி முடித்து, அரிவாளை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போலக் கவட்டைப் பாறைப் பக்கம் பார்த்தார். மூன்று மரங்களுக்கடியில் ஒரு ஆள் குந்தியிருந்தான். முதுகில் ஏதோ பெரிய மூட்டை. தலையில் விவசாய சங்கம் கொடுத்த பச்சைத் தொப்பி. அந்தத் தொப்பி ஊரில் எல்லார் தலையிலும் இருக்கிறது. ஆனால் ஆள் எழுந்து, கால்களை வில்லாக வளைத்து நாலு எட்டு நடந்தபோது சந்தேகம் தீர்ந்தது. அப்படி நடக்க சில்போக்கால் மட்டும்தான் முடியும்.

பில்டோவுக்கு முதலில் வந்தது கோபம். பூசாரிக் கயிறு கட்டிக்கொண்டு, மலை திறக்கும் முன்னே, அதுவும் என் அப்பா இடத்தில் திருட்டா? இரண்டாவதாக வந்தது வருத்தம். மூன்றாவதாக ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததும் முதல் இரண்டும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டன. சில்போக் மாட்டினால் பூசாரி யார்?

அன்று மாலை முழுவதும் பில்டோ தனக்குத்தானே காரணம் தேடிக்கொண்டிருந்தார். இது ஊர்க் கட்டுப்பாட்டுக்காக என்று சொல்லிப் பார்த்தார். மலைச்சாமியின் மானத்துக்காக என்று சொல்லிப் பார்த்தார். சில்போக் செய்த பாவம் அவன் தலையில் விடியாமல் இருக்க, அவன் நன்மைக்காகவே என்றும் சொல்லிப் பார்த்தார். மூன்றும் வாய்க்கு நன்றாகத்தான் இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி குய்சுன்னிடம் யாரோ ஒருவருடைய கதைபோல எடுத்துச் சொல்லி, அந்த ஆள் புகார் சொல்வது நியாயம்தானே என்று கேட்டார். குய்சுன் ஊறுகாயை மென்றபடி அவரையே பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பூசாரி வேலை அந்த ஆளுக்குக் கிடைக்காதுன்னா, அப்பவும் போய்ச் சொல்லுவாரா?"

பில்டோ பசியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் மண்டபத்துக்குக் கிளம்பினார். சரியான கேள்வி கேட்கிறவர்கள் பேச்சைக் கேட்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

ஊர்த்தலைவி யொம் அம்மாள் அப்போதுதான் காலை அறிவிப்பை முடித்திருந்தார். தினமும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, மைக்கில் ஊர்ச் செய்தி சொல்வார். கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதை வயல், வாசல், மாட்டுத்தொழுவம் என்று பாக்கியில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். அன்றைய செய்தி, பஸ் திரும்புகிற இடத்தில் மிளகாய் காயப்போடாதீர்கள் என்பது. சொல்லி முடித்து அவர் சுவிட்சை அணைக்கப் போன நேரத்தில்தான் பில்டோ இருமிக்கொண்டு உள்ளே வந்தார். தலைவி வந்தவரைப் பார்த்து மின்விசிறியைத் திருப்பிவிட்டு, நாற்காலியைக் காட்டினார். மைக்கின் சிவப்பு விளக்கு அதன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாளுக்குக் காது மந்தம். கருவி உண்டு, ஆனால் பாட்டரி தீர்ந்துவிடும் என்று ரேடியோ நாடகத்துக்கு மட்டும்தான் அதை மாட்டிக்கொள்வார்.

"தலைவியம்மா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கணும்."

"எதுக்குள்ள?"

"நமக்குள்ள. ரகசியம்."

"ரகசியம்னா கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க பில்டோ. எனக்குக் காது பத்தாது."

பில்டோ நாற்காலியை மேசைப் பக்கம், அதாவது மைக்குப் பக்கம், இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னார். சில்போக் மலை ஏறினான். என் கண்ணால் பார்த்தேன். சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது, என்ன இருந்தாலும் சிநேகிதன். தலைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மலை பெரிய மலை, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். மேலே என்றார் பில்டோ. மேலே என்றால் அவன் இல்லை என்று சாதித்துவிடுவான், இடத்தைச் சொன்னால்தான் நான் கேட்க முடியும் என்றார் தலைவி. பில்டோ கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அறையில் இருப்பது ஒரு காது மந்தமான அம்மாள்தானே என்ற தைரியம் வந்தது.

"கவட்டைப் பாறை. மேற்குப் பக்கம். சாய்ஞ்ச மூணு பைன் மரத்தடியில."

"அங்க என்ன இருக்கு?"

"அங்கதான் எங்கப்பா காலத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்து பில்டோ வாயை மூடிக்கொண்டார். மூடவேண்டிய நேரம் தாண்டிப் பத்து வார்த்தை ஆகியிருந்தது.

"சரி, சில்போக் இல்லேன்னா அப்புறம் யாரு பூசாரி?"

"வரிசைப்படி பாத்தா நான்தான். நான் அதுக்காகச் சொல்லல."

"பின்ன எதுக்காக?"

"மலைச்சாமிக்காக."

தலைவி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்க சம்பந்தி என்னிக்கு வராரு?"

"திறப்புக்கு மறுநாள்" என்றார் பில்டோ, கேட்டதற்குப் பதில் என்று.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. தெருவில் என்னவோ அமைதி. மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அள்ளிய கையோடு நின்றிருந்தார்கள். பால் கறக்கப் போன ஆள் பாத்திரத்தோடு வேலியில் சாய்ந்திருந்தான். பில்டோ எல்லாருக்கும் வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்; எல்லாரும் ஆமாம் என்றார்கள், ரொம்ப மரியாதையாக. இரண்டு பேர் கவட்டைப் பாறை இருக்கும் திசையில் மலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் மூச்சிரைக்க ஓடிவந்த குய்சுன் அவரைக் கண்டதும் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"இருமினப்பவே ஓடியாந்தேன்" என்றாள். "எட்டாமப் போச்சு."

பில்டோவுக்கு விஷயம் புரிய வீடுவரை போக வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் முதலில் கேட்டது, சில்போக் வீட்டுப் பக்கத்து ஒலிபெருக்கி போன மாதம் கெட்டுப்போனதே, அது இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறதா என்று. சில்போக்கே கம்பத்தில் ஏறி அதைச் சரிசெய்து பத்து நாள் ஆயிற்று என்றாள் குய்சுன்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். இதற்கு முன்னால் எந்தக் கூட்டத்துக்கும் இவ்வளவு ஆள் வந்ததில்லை. பில்டோ கதவோரம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார், தூண் ஒல்லி. சில்போக் நடுவில் வந்து உட்கார்ந்து, மலை ஏறினாயா என்று கேட்டதற்கு, ஏறினேன் என்றார். எதற்கு என்றார்கள். ஏறினது தப்புதானே, எதுக்குன்னு கேட்டு என்ன ஆகப்போகுது என்றார். பில்டோ பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட பில்டோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சில்போக்குக்கு இந்த வருஷம் மலை கிடையாது, பூசாரி வேலையும் கிடையாது என்று தீர்ந்தது. எல்லாரும் தூணைப் பார்த்தார்கள். தலைவி யொம் அம்மாள், அன்றைக்குக் காதில் கருவி மாட்டியிருந்தார், எழுந்து நின்றார்.

"பில்டோ சொன்னது நிஜம். அதுக்கு அவருக்குத் தண்டனை இல்ல. ஆனா மாத்து ஆளுக்கும் அதே கட்டுப்பாடுதான். ஏழு நாளைக்கு யாரைப் பத்தியும் பொல்லாப்புப் பேசக் கூடாது. இவர் பேசினதை நானே சரியாக் கேக்கல. ஊர் பூரா கேட்டுச்சு."

உண்மையைச் சொல்வது எப்படிப் பொல்லாப்பாகும் என்று பில்டோ தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"உண்மைதான். நீங்க அதைத் தூக்கிட்டு வந்த விதம் இருக்கே, அதுதான் பொல்லாப்பு" என்றார் தலைவி. அதற்கு மேல் விளக்கத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

ஏழு நாளாக யாரோடும் சண்டை போடாத, யாரைப் பற்றியும் குறை பேசாத ஆள் ஊரில் யார் என்று தேடினார்கள். தேடத் தேட முகங்கள் குனிந்தன. கடைசியில் சியோலிலிருந்து வந்து குடியேறிய பியொன் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிதான் மிச்சம். அவரோடு யாரும் சண்டை போட்டதில்லை; பேசினால்தானே சண்டை வரும். காளானுக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனால் அவர் வீட்டு வாசலிலும் ஒலிபெருக்கி உண்டு.

திறப்பு நாள் விடியலில் பியொன் ஏறினார். மணி கேட்டதும் ஊர் ஏறியது. பில்டோ ஓட்டமும் நடையுமாகக் கவட்டைப் பாறைக்குப் போனபோது அங்கே திருவிழாக் கூட்டம். ஏற்கனவே பியொன் கூடை நிறையப் பறித்து வைத்துக்கொண்டு, இது காளான்தானா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். குடை விரியாத, குண்டு குண்டான முதல் தரம். இப்பேர்ப்பட்ட வறட்சியில் அந்த மூன்று மரத்தடியில் மட்டும் அப்படி முளைத்திருந்தது. மிச்சத்தை ஊர் எடுத்துக்கொண்டது. எல்லாரும் பில்டோவைக் கண்டதும் நாசூக்காக விலகி அவருக்கு இடம் விட்டார்கள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அன்று முழுக்க மலையெல்லாம் அலைந்தும் அவர் கூடையில் சேர்ந்தது பூச்சி அரித்த ஒரு காளானும், கோபத்தில் பொறுக்கிப் போட்ட பைன் காய்களும்தான். இறங்கும் வழி சில்போக் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. வேறு வழி இருந்திருந்தால் அவர் நிச்சயம் அதில் போயிருப்பார். சில்போக் வாசலில் உட்கார்ந்து, அவிழ்த்த வைக்கோல் கயிற்றை அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார், மாட்டுக்குப் போட.

"கூடையைக் காட்டு" என்றார்.

பில்டோ காட்டினார். சில்போக் பைன் காய் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லடா. நான் ஏறினேன். சாமிக் கயிறைக் கட்டிக்கிட்டே ஏறினேன். வெயில்ல எல்லாம் கருகிப்போகுதேன்னு, மருந்தடிக்கிற டாங்கியில தண்ணி சுமந்துட்டுப் போய் என் இடத்துல ஊத்தினேன்."

"உன் இடமா? நீ குந்தியிருந்தது என் இடத்துல."

"மிச்சத் தண்ணி இருந்துச்சு. ஏத்தினதை எவன் திரும்பச் சுமந்து எறக்கறது? உன் மரத்தடியில ஊத்தினேன். சம்பந்தி வராரு சம்பந்தி வராருன்னு இந்த வாசல்ல நின்னு நீதானே என் உயிரை வாங்கினே."

பில்டோ கூடையைக் கீழே வைத்தார். அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தார். சம்பந்தி, பூசாரி வேலை, ஊர் சிரித்தது எல்லாம் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லாமல் போயிற்று. வெட்கம் மட்டும்தான் இருந்தது. எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, என் இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"இருமினா தெரியாதா? உங்கப்பன் இருமினாரு, அப்புறம் நீ இருமினே. பாறைக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் முள்ளுப் புதருக்குள்ள நானு. நீ எறங்கிப் போற வரைக்கும் மூச்சை அடக்கிட்டு உக்காந்திருப்பேன். வயசான காலத்துல அது லேசுப்பட்ட வேலை இல்ல."

"இத்தனை வருஷத்துல என் பக்கம் வந்து ஒண்ணுகூட எடுக்கலையா?"

"ஒரு தடவை எடுத்தேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். சின்னது. பூச்சி அரிச்சிருந்துச்சு."

உள்ளே மாடு கயிற்றுத் துண்டுக்காகக் கத்தியது.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ" என்றார் சில்போக். "இங்க வந்து, எனக்கு அந்தப் பூசாரி வேலை வேணும்டா, விட்டுக் குடுன்னு நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நல்லாத் திட்டிட்டுக் குடுத்திருப்பேன். நீ மண்டபத்துக்குப் போயிட்டே."

பில்டோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். சில்போக் அரிவாளை ஆட்டி அதை மூடச் சொன்னார். பிறகு தெருவில் யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பில்டோவின் காதருகே குனிந்து, தன் இடத்துக்கு எந்த வழியாக நுழைய வேண்டும் என்று சொன்னார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. ஒருமுறை பட்டது போதும்.

"எனக்கு மலை கிடையாது. விட்டா அது அழுகிப் போயிடும். போய் எடு. பாதி எனக்கு. உன் வாய் எப்பேர்ப்பட்டதுன்னு ஊருக்கே தெரியும், இனிமே என் இடம் உன் வாய்ல கிடக்கு. பாப்போம்."

பெற்ற மகனுக்குச் சொல்லாததைத் தன்னிடம் சொல்லிவிட்டான் என்பது பில்டோவுக்குப் பாதி வழி ஏறிய பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் இருமலை வாயில் துணி வைத்து அடக்கிக்கொண்டு நுழைந்தார். காளான்கள் குழந்தைக் கை மாதிரி கொழுகொழுவென்று இருந்தன. கீழே இறங்கியதும் தலைவி யொம் அம்மாள் கூடையைப் பார்த்துவிட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டார். மலையில் என்றார் பில்டோ. வீட்டில் குய்சுன் கேட்டாள். மேலே என்றார். அவள் நம்ப முடியாமல் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சம்பந்தி மகனோடு வந்திறங்கினார். தன் பங்கை வாங்க வந்த சில்போக்கை குய்சுன் விடாமல் பிடித்து மேசையில் உட்காரவைத்தாள். இரும்புத் தட்டு சூடேறியது. காளானைக் கையாலேயே நாராகக் கிழித்துப் போட்டார்கள். வாசனை வீட்டைத் தூக்கியது. சம்பந்தி ஏலக் குரலில் புகழ்ந்தார். பேசினபடி செய்துவிட்டீர்களே என்றார், கைராசி என்றார், இப்பேர்ப்பட்ட மலையைக் கையில் வைத்திருக்கிற மனிதரோடு சம்பந்தம் செய்ய நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். மியொங்ஹா முதல்முறையாக அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பில்டோ பல நாளாக ஏங்கியது இதுதான். எதிரே சில்போக் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது முளைக்கிற இடம் எதுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க சம்பந்தி" என்றார் பூசான்காரர். "இனிமே நாம ஒரே குடும்பம்தானே."

சில்போக் மெல்வதை நிறுத்தினார்.

"சொல்ல முடியாதுங்க" என்றார் பில்டோ. "இது என் இடம் இல்ல. இந்தா உக்காந்திருக்கானே, இவன் இடம். மலை திறக்கறதுக்கு முன்னாடியே இவன் ஏறினான்னு ஊர்ல போய்ப் புகார் சொன்னேன். சொன்னது நிஜம்தான். ஆனா உங்க முன்னாடி பெரிய மனுஷனாகணும்னுதான் சொன்னேன். என் இடம் ஊர் வாயில போயிடுச்சு. இவன் தன் இடத்தைக் குடுத்தான்."

மியொங்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தி சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்து, நெற்றி வியர்த்தது.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார், ஏலக் குரல் எங்கேயோ போயிருந்தது. "எனக்குக் காளான் வாசனையே ஆகாதுங்க. சின்ன வயசுலேர்ந்து. நீங்க அன்னிக்கு அவ்வளவு ஆசையா சொன்னீங்க, மறுக்க வாய் வரல."

அவர் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். சோற்றுக்கடியில் காளான் துண்டுகள் அத்தனையும் பத்திரமாகப் புதைந்திருந்தன. வருங்கால மாப்பிள்ளையின் கிண்ணத்தில், அப்பா கடத்திவிட்டவை, இன்னும் ஒரு குவியல். குய்சுன் அடுப்படிக்கு எழுந்து போனாள். அங்கே அவள் சிரித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சில்போக் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சம்பந்தியின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். சோற்றைத் தள்ளி, தடித்த துண்டாக ஒன்றைக் குச்சியால் எடுத்து பில்டோவின் கிண்ணத்தில் வைத்தார்.

"தின்னுடா. தண்ணி சுமந்தது நானு."

பில்டோ தின்றார். துண்டு தொண்டையில் சிக்கியது; செருமினார், அடங்கவில்லை, இரண்டு தரம் அடித்து இருமினார். சில்போக் கையில் குச்சியோடு, அசையாமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம்.